மூன்று முறை கேட்க வேண்டிய பங்கு

எங்கள் சேர்மன் எங்கும் வரிசையில் நின்றதில்லை. கோயிலில் அவருக்குத் தனி வழி, ஆஸ்பத்திரியில் தனி வழி, சாவு வீட்டில்கூட மாலையை ஏந்திக்கொண்டு முன்னால் வழிவிலக்கிப் போக இரண்டு பேர். அதனால் அமெரிக்காவிடமிருந்தே ஒரு விதிவிலக்கு வாங்கலாம் என்று வக்கீல் சொன்ன அன்று அவர் முகம் எப்படி மலர்ந்தது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

கோழிக்கு மருந்தும், தீவனத்தில் கலக்கும் சத்துப்பொடியும் செய்கிற கம்பெனி அது. ஆலையும் தலைமை அலுவலகமும் நாமக்கல்லை ஒட்டி இருக்கின்றன. நான் அங்கே கம்பெனி செகரட்டரி. செகரட்டரி என்றதும் டைப் அடிக்கிறவள் என்று பலர் நினைத்துக்கொள்வார்கள்; அம்மாபேட்டையில் என் அம்மாவே தெருவெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. சட்டத்தைச் சுற்றிப் போக வேண்டும் என்று சேர்மன் விரும்பும்போது, எந்தப் பக்கம் சுற்றினால் பள்ளத்தில் விழாமல் போகலாம் என்று சொல்வதும் அதில் சேர்த்தி.

கம்பெனியின் பங்குகள் மும்பைச் சந்தையில் விற்பனையாகிக்கொண்டிருந்தன. அது போதாதா என்றால், போதவில்லை. யாரோ ஒரு தொழிலதிபர் நியூயார்க் சந்தையில் மணி அடிக்கிற படத்தைச் சேர்மன் பத்திரிகையில் பார்த்துவிட்டார். நம் பங்கும் அங்கே விற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நின்று சாதித்தும்விட்டார். கோழிக் கழிச்சலுக்கு மருந்து விற்கிறவர்களுக்கு நியூயார்க்கில் என்ன வேலை என்று கேட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் சேர்மனுடைய அக்கா வீட்டுக்காரர்.

கேட்க உரிமை உள்ளவர். கம்பெனி தொடங்கியதே அவருடைய பழைய கோழிக் கொட்டாயில். இடம் அவருடையது, போட்ட முதல் பணமும் அவருடையது. சேர்மன் அப்போது வெறும் மச்சினன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் அந்த வீட்டு மாடியறையில்தான் தங்கியிருந்தேன். அக்கா எனக்கும் அக்காதான். காலையில் இட்லி வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்து தம்பியின் பெருமையைச் சொல்வார். இட்லி நன்றாக இருக்கும்.

நியூயார்க்குக்குப் போன கூட்டத்தில் அக்கா வீட்டுக்காரர் இல்லை. வேண்டாம் என்று சொன்ன வாய் அங்கே எதற்கு என்று கூப்பிடவில்லை. சேர்மன் மணி அடிக்கிற படம் ஆளுயரத்துக்கு எங்கள் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. மணியை விட அவர் பல் அதிகம் மின்னும். திரும்பி வந்த கையோடு, அக்கா வீட்டுக்காரரைப் புரமோட்டர், அதாவது நிறுவனர் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பங்குதாரர் ஆக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். அந்த வேண்டுகோள் அவரே வைப்பதுபோல இருக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டார். கொட்டாய் கொடுத்தவர் அன்றிலிருந்து சட்டப்படி பொதுமக்கள். அதற்குப் பிறகு சேர்மன் அந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. பொங்கலுக்கு அக்காவுக்குச் சேலை மட்டும் டிரைவர் கையில் போகும்.

சில வருஷம் கழித்து பைபேக் வந்தது. கையில் பணம் மிஞ்சிக் கிடக்கிற கம்பெனி, தன் பங்குகளில் கொஞ்சத்தைப் பங்குதாரர்களிடமிருந்து தானே விலைக்கு வாங்கி ரத்து செய்துவிடும். அதற்குப் பெயர்தான் பைபேக். நம் சட்டப்படி அந்தக் கடை ஒரு வாரம் திறந்திருந்தால் போதும். அமெரிக்கச் சட்டப்படி ஏறக்குறைய ஒரு மாதம் திறந்து வைக்க வேண்டும். இங்கே சிறு பங்குதாரர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு; அங்கே எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டும். இரண்டு ஊரில் பங்கை விற்றால் இரண்டு ஊர்ச் சட்டமும் தலையில் ஏறும், இரண்டையும் சேர்த்துக் கடைப்பிடிக்க யாராலும் ஆகாது. ஆகவே எங்களைப் போன்ற கம்பெனிகள் அந்த நாட்டுப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு மனுப் போடும்: எங்கள் ஊர்ச் சட்டப்படியே நடந்துகொள்கிறோம், உங்கள் விதியிலிருந்து விலக்குக் கொடுங்கள் என்று. இதில் தப்பு எதுவும் இல்லை. நியாயமான ஏற்பாடுதான். அது யார் கையில் போய்ச் சேருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மனுவை நியூயார்க்கில் ஒரு வக்கீலும் மும்பையில் ஒரு வக்கீலும் சேர்ந்து எழுதினார்கள். சாயங்காலங்களில் திரையில் தோன்றி, எங்களுக்குப் பொழுது சாய்வதையும் நியூயார்க்கில் பொழுது விடிவதையும் பற்றி ஒரே நகைச்சுவையைத் தினமும் சொல்வார்கள். சிறு பங்குதாரர்களுக்கான தனி ஒதுக்கீட்டை விளக்க அவர்களைப் பற்றி ஒரு பத்தி வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்: பண்ணைக்காரர்கள், லாரி வைத்திருப்பவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், பெரும்பாலும் இந்தப் பக்கத்து ஆட்கள் என்று. நான் எழுதியது போய், மழையை நம்பி வாழும் எளிய உழவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கும் கம்பெனிக்கும் இருப்பது வெறும் முதலீட்டு உறவு அல்லவாம், குடும்ப உறவாம். சேர்மன் அதை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக்கூடத் துடைத்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையைக் கேட்டிருக்கிறேன். கைக்குட்டையோடு பார்த்தது அன்றுதான்.

விலக்கு வந்துவிட்டது. அலுவலகத்தில் எல்லாருக்கும் லட்டு. நான் ஞாயிறு பூசை தவறாத வீட்டில் வளர்ந்தவள். எங்களுக்குப் பாவத்தைச் செய்த பிறகு சாமியாரிடம் போய் மன்னிப்புக் கேட்டுத்தான் பழக்கம். முன்கூட்டியே எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்று இந்த மனிதரிடம்தான் கற்றேன்.

விலக்கோடு நிபந்தனைகளும் வந்தன. பைபேக் முடிகிறவரை கம்பெனி வேறு வழியில் பங்கு வாங்கக் கூடாது. எவருக்கும் தனியாக அதிக விலையோ வேறு ஆசையோ காட்டக் கூடாது. அவ்வளவுதான். எளிமையான, யோக்கியமான நிபந்தனைகள்.

கடை திறந்த அன்று மத்தியானம் அக்கா போன் செய்தார்.

"தபாலு வந்துருச்சு சாமி. எங்கூட்டுக்காரரு அத மொதத் தடவைன்னே வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாரு. பெரிய ஆளாயிட்டான், மொதத் தடவையே நேர்ல வரக் கூச்சமா இருந்துருக்கும். இருக்கட்டும்னு பீரோ மேல வெச்சுட்டாரு. ரெண்டாந் தடவைக்குத் தம்பி என்னைக்கு வாரான்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. இந்தப் பக்கத்து ஆட்களைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோ, லாரியோ, பைனான்ஸோ, நாலு பேர் கூட்டுச் சேராமல் எதையும் தொடங்க மாட்டார்கள். கூட்டாளி ஒருவரின் பங்கை மற்றவர் வாங்குவதென்றால் அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வெற்றிலை பாக்கு பழத்தோடு அவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். முதல் தடவை அவர் "இருக்கட்டும்" என்பார். இன்னொரு நாள் போய்க் கேட்டால் "பார்க்கலாம்" என்பார். மூன்றாவது தடவைதான் சரி என்பார். அன்று கேட்க வந்தவர் அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கூட்டு முடிந்தாலும் போக்குவரத்து முடியக் கூடாது என்பதற்காக இந்தச் சுற்று. கேட்டவுடனே ஒருவர் எடுத்துக் கொடுத்துவிட்டால், உன் சங்காத்தமே வேண்டாம், கொண்டுபோ என்று அதற்கு அர்த்தம்.

ஒரு வாரத்தில் மூடப்போகிற கடைக்கு இவர்கள் மூன்று வருகை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் செல்போன் இருக்கிறது, புரோக்கர் இருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு, இங்கிலீஷில் அச்சடித்து ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போன தபாலை மச்சினனின் முதல் வருகை என்று எடுத்துக்கொண்டார் அந்த மனிதர். மரியாதைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று எரிச்சலாக வந்தது.

ஆனால் அக்காவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று என்றார். நாட்டுக்கோழிக்குச் சொல்லி வைத்தாயிற்று என்றார். பண்ணைக்கோழியை வைத்து மாளிகை கட்டிய தம்பிக்குப் பண்ணைக்கோழி தொண்டையில் இறங்காது. பங்கு போனாலும் இருந்தாலும் அக்காவுக்கு ஒன்றுதான். தம்பி ஒரு தடவை அந்த வாசற்படி ஏறி வர வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். வருவதற்கு இத்தனை வருஷத்தில் இப்போதுதான் முறைப்படி ஒரு காரணம் வந்திருக்கிறது, அதை விட்டால் இனி எது வரும் என்றும் அவருக்குத் தெரியும்.

சேர்மன் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவரும் அந்த ஊர் ஆள்தானே, விளக்க வேண்டியிருக்கவில்லை. மேசைக் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வெள்ளையடிச்சுருக்குதா அக்கா?"

"ஆமாங்க சார்."

"போயிட்டு வந்தர்லாமாங்க மேடம்?"

அந்த ஒரு நிமிஷம் அவரை எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த நிமிஷமே மும்பை வக்கீலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். சொந்த அக்கா வீட்டுக்குப் போகலாமா என்று மும்பையில் கேட்டவர் இந்தப் பூமியில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். வக்கீலுக்கு அக்காவும் தெரியாது, நாட்டுக்கோழியும் தெரியாது. ஒரு பங்குதாரரை மட்டும் சேர்மன் தனியாகச் சந்திப்பது உசிதமல்ல, விலக்குக்கே பங்கம் வரலாம், தவிர்ப்பது நல்லது என்றார். வக்கீல்கள் எதையும் தவிர்ப்பது நல்லது என்றுதான் சொல்வார்கள். அதற்குத்தான் அவர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம்.

"நிபந்தனையில அப்படி இல்லீங்க சார்," என்றேன். "வேற வழியில வாங்கக் கூடாது, தனி விலை பேசக் கூடாதுன்னுதான் இருக்குது. நீங்க போயிப் பைபேக் பத்தி ஒரு வார்த்தையும் பேசாம ஒரு வாய் சோறு சாப்பிட்டுட்டு வாங்க. அக்கா ஊட்டுல சாப்பிடறத எந்த ஊருச் சட்டமும் தடுக்காது."

"எதுக்குங்க மேடம் ரிஸ்க்கு? கஷ்டப்பட்டு வாங்குனது," என்றார். முகத்தில் ஓர் ஆசுவாசம் படர்ந்ததை அவரால் மறைக்க முடியவில்லை. செய்ய மனமில்லாததைச் செய்யாமல் இருக்க அமெரிக்காவே அவருக்குச் சாக்கு எழுதிக் கொடுத்திருந்தது. இதே மனிதர் மனு போவதற்கு முந்தைய வாரம் மும்பை ஹோட்டலில் வெளிநாட்டு நிதி மேலாளர்களோடு ஒரே மேசையில் விருந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர். அது விலக்கு வருவதற்கு முன்னால் நடந்தது, ஆகவே தப்பில்லை என்று அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. மழையை நம்பிய எளிய உழவர்களைச் சொல்லி வாங்கிய விலக்கு, கோழிக் கொட்டாய் கொடுத்த உழவர் வீட்டுக்குப் போகாமல் இருக்க உதவியது.

கடைசி நாள் மத்தியானம் அக்கா மறுபடியும் கூப்பிட்டார். பைபேக்கைப் பற்றி எவரிடமும் போனில் பேசக் கூடாது என்று எனக்கும் உத்தரவு போட்டிருந்தார்கள். அக்காவே அதைத் தீர்த்துவைத்தார்.

"நீ கம்பெனி சங்கதி எதையும் சொல்ல வேண்டாம் சாமி, உம் பொழப்புக் கெட்றும். வருவானா, வரமாட்டானா, அத மட்டும் சொல்லு."

"வரமாட்டாருங்க அக்கா."

"காலையிலருந்து இவரு இஸ்திரி சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்துருக்காரு. சரி, நான் போயிச் சொல்லீர்றேன்."

போனை வைத்துவிட்டார். சேர்மன் மேல் வந்த ஆத்திரத்தில் ராஜினாமா எழுதலாமா என்றுகூட நினைத்தேன். வீட்டுக் கடன் நினைவுக்கு வந்தது, எழுதவில்லை.

பைபேக் அமோக வெற்றி என்று பத்திரிகையில் அரைப்பக்கம் விளம்பரம் வந்தது. வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் கொடுக்க முடிந்த பங்கையெல்லாம் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டன. அக்கா வீட்டுக்காரர் கொடுக்கவில்லை. மற்றவர்கள் கொடுத்த பங்குகள் ரத்தாகிவிட்டதால், கொடுக்காமல் உட்கார்ந்திருந்த அவர் கையில் இருந்ததன் கனம் கூடிப்போனது. ஒன்றும் செய்யாமலே அவர் கம்பெனியில் முன்பைவிடப் பெரிய ஆள் ஆனார். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

சேர்மனுக்கு அதை உணர்த்தியது அவருடைய வயது. எழுபது தாண்டியவர் நாற்காலியில் தொடர வேண்டுமானால், பங்குதாரர்கள் ஒரு மாதத்துக்குள் போனிலோ கம்ப்யூட்டரிலோ போடும் ஓட்டில் நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். மிச்சமிருந்த வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் வயதானவர்களுக்கு எதிராகப் போடுவதைக் கொள்கையாகவே வைத்திருந்தன. மும்பை ஹோட்டல் விருந்தெல்லாம் அங்கே செல்லுபடியாகவில்லை. என் அறைக்கு வந்து கூட்டிக் கழித்துப் பார்த்தார். எப்படிக் கூட்டினாலும் கடைசியில் மச்சானிடம் வந்து நின்றது. இதற்கு அமெரிக்காவில் விலக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்பாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அக்கா ஊட்டுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தர்லாங்க மேடம். நீங்களும் வாங்க. தீர்மானம் பத்திக் கேட்டாருன்னா நீங்க சொல்லோணும்."

இந்தத் தடவை எந்த வக்கீலுக்கும் போன் போகவில்லை. காரின் பின்சீட்டில் ஆப்பிள் கூடை, பெரிய ஸ்வீட் பெட்டி, வெற்றிலை பாக்குத் தட்டு, அதன்மேல் மஞ்சள் ஜரிகைத் துண்டு. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கப் போகிறவருக்குத் தட்டில் எந்தக் குறையும் இருக்கக் கூடாது. வழிநெடுக, மச்சான் முதல் தடவை இருக்கட்டும் என்பார், அடுத்த வாரம் வரலாம், ஓட்டு முடிவதற்குள் மூன்று தடவையும் வந்து போக நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். முறையெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது அந்த மனிதருக்கு.

வெள்ளையடித்த சுவரில் கீழே செம்மண் தெறித்திருந்தது. அக்கா கதவைத் திறந்தார். பிறந்ததிலிருந்து தம்பி, சாமி என்று மட்டுமே கூப்பிட்ட மனுஷி.

"வாங்க சேர்மன். உள்ள வந்து உக்காருங்க."

சேர்மன் சிரித்தார். அக்கா கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். எனக்கு எப்போதும்போல எவர்சில்வர் டம்ளரிலும், தம்பிக்குத் தட்டில் வைத்த பீங்கான் கோப்பையிலும் காப்பி கொண்டுவந்தார். சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். சேர்மன் தட்டை நீட்டி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார்.

"மச்சான், பழசெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. ஒரு ஓட்டு வெசயமா..."

"அதுங்களா? காத்தால போன்லயே போட்டுட்டேனுங்களே," என்றார் அவர். "உங்களுக்கு ஆதரவாத்தான். முழுப் பங்குக்கும் போட்டாச்சுங்க. நீங்க இதுக்கோசரம் இன்னொருக்கா அலைய வேண்டியதில்லீங்க."

நிதானமான குரலில்தான் சொன்னார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேட்பதற்கு முன்பே கொடுத்தாயிற்று என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன். கார் பரமத்தி ரோட்டில் ஏறியதும் சேர்மன் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"தங்கமான மனுசனுங்க மேடம். ஒரே தடவைல முடிஞ்சுருச்சு பாத்தீங்களா? அக்காளுந்தான் எத்தன மரியாதை, சேர்மனுங்குது. இத்தன வருசத்துல ஒரு தடவ அப்படிக் கூப்பிட்டதில்ல."

"இனிமே எப்பவும் அப்படித்தானுங்க சார் கூப்பிடுவாங்க," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஆலை வருகிறவரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.